தேர்வுத்தாளில் வரும் அலி பொய் சொல்வதில்லை

கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியில் லண்டன் பல்கலைக்கழகச் சட்டப் பட்டத்துக்கு இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “தொழில்நெறி, தொழில்நெறி என்று மூத்த வழக்கறிஞர்கள் மேடைதோறும் பேசுகிறார்கள். எங்கள் வகுப்பில் அப்படி ஒரு பாடமே இதுவரை நடக்கவில்லை. அது கல்லூரியில் கற்பிக்கக்கூடிய ஒன்றா, அல்லது வீட்டு வளர்ப்பா? கற்பிக்கலாம் என்றால் ஏன் கற்பிப்பதில்லை? சேம்பரிங்குக்குப் போவதற்கு முன் நான் என்ன செய்துவைத்துக்கொள்ளலாம்?”

நான் பினாங்கில் சேம்பரிங், அதாவது பட்டம் பெற்றவர் மூத்த வழக்கறிஞர் ஒருவரிடம் இருந்து செய்யும் தொழிற்பயிற்சி, முடித்து, பிறகு கோலாலம்பூருக்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தொழில் செய்துவருபவன். என் அலுவலகத்தில் சேம்பரிங் செய்துவிட்டுப் போன பிள்ளைகள் பலர். அந்த அனுபவத்திலிருந்தே எழுதுகிறேன்.

தம்பி, மேடையில் பேசப்படும் தொழில்நெறி பெரும்பாலும் கறுப்பு அங்கியையும் கழுத்துப் பட்டையையும் பணிவான பேச்சையும் பற்றியது. அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவை ஒரு வாரத்தில் பழகிவிடக்கூடியவை. வழக்கறிஞரின் தொழில்நெறி என்று நான் புரிந்துகொண்டிருப்பது, பிறர் நம்மை நம்பி ஒப்படைத்ததைக் காப்பதுதான். ஒரு குடும்பத்தின் வீட்டுப் பணம், ஒரு மனைவியின் இரகசியம், வழக்கின் காலக்கெடு, கிராண்ட் எனும் நில உரிமைப் பத்திரம், நம் வாய்ச்சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளும் நீதிபதியின் நம்பிக்கை, இவை எல்லாமே ஒப்படைக்கப்பட்டவை. சட்டக் கல்லூரி மூன்று ஆண்டுகளும் மாணவரிடம் எதையும் ஒப்படைப்பதில்லை. அவருடைய கூர்மையை மட்டும் சோதித்து, அதற்கு மட்டும் மதிப்பெண் தருகிறது. கூர்மையில் தேறியவர் காவலிலும் தேறியவராகத்தான் இருப்பார் என்று எல்லாரும் எண்ணிக்கொள்கிறோம். கோளாறு அந்த எண்ணத்தில்தான் இருக்கிறது.

உங்கள் தேர்வுத்தாளையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘அலிக்கு ஆலோசனை கூறுக’ என்று முடியும் கேள்விகளை இதற்குள் நூற்றுக்கணக்கில் எழுதிப் பார்த்திருப்பீர்கள். அந்த அலி பொய் சொல்வதில்லை. அவருடைய ஒப்பந்தத்தில் ஒரு பக்கம் காணாமற்போவதில்லை. ‘எவ்வளவு செலவாகும்?’ என்று அவர் கேட்பதில்லை. அவர் தம்பி குறுக்கே வந்து ‘அண்ணனுக்குத் தெரியாமல் ஒரு வார்த்தை சொல்லுங்கள்’ என்று கெஞ்சுவதுமில்லை. நீங்கள் தவறான ஆலோசனை தந்தால் உங்களுக்கு எட்டு மதிப்பெண் குறையும், அலிக்கு வீடு பறிபோகாது. நிஜத்தில் அலுவலகத்துக்கு வரும் மனிதர் தமக்குச் சாதகமான முக்கால் பங்கை மட்டும் சொல்லிவிட்டு, மிச்சக் கால் பங்கை எதிர்த்தரப்பின் கடிதம் வந்த பிறகுதான் ஒப்புக்கொள்வார். அவரை அவமானப்படுத்தாமல் அந்தக் கால் பங்கை முன்கூட்டியே வெளியே கொண்டுவருவது ஒரு திறன். வெளியே வந்த பிறகு அதை நீதிமன்றத்திடம் மறைக்கச் சொல்லி அவர் வற்புறுத்தும்போது மறுப்பது இன்னொரு திறன். இரண்டுக்கும் தேர்வுத்தாளில் இடமில்லை.

இது நம் நாட்டுக் கல்லூரிகளின் குறை மட்டும் அன்று. 1870இல் ஹார்வர்டு சட்டப் பள்ளியின் தலைவரான கிறிஸ்டஃபர் லாங்டெல், மேல்முறையீட்டுத் தீர்ப்புகளை வகுப்பில் அலசிச் சட்டம் கற்பிக்கும் முறையைக் கொண்டுவந்தார். இன்று உலகின் பெரும்பகுதிச் சட்ட வகுப்புகளில் அதன் சாயலைக் காணலாம். அந்த முறையின் பலம் உண்மையானது. பத்துப் பக்கத் தீர்ப்பில் எது விதி, எது வெறும் பேச்சு என்று பிரித்தெடுக்கும் கண் அதனால்தான் வருகிறது. ஆனால் மேல்முறையீட்டுத் தீர்ப்பு என்பது உண்மைகள் எல்லாம் முடிவாகி, சாட்சிகள் வீட்டுக்குப் போய், கட்சிக்காரர் ஒரு பெயராக மட்டும் மிஞ்சிய பிறகு எழுதப்படுவது. மனிதர் கரைந்துபோன பிறகே மாணவர் உள்ளே நுழைகிறார். அமெரிக்காவில் 1970களின் வாட்டர்கேட் ஊழலில் வழக்கறிஞர்கள் பலர் சிக்கிய பிறகுதான் தொழில்நெறிப் பாடத்தை எல்லாச் சட்டப் பள்ளிகளும் கட்டாயமாக்க நேர்ந்தது. பாடம் வந்த பிறகும் குறை தீரவில்லை. 2007இல் கார்னகி அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வு, சட்டப் பள்ளிகள் சிந்திக்கக் கற்றுத்தருவதில் வல்லவை என்றும், தொழில் செய்யும் பயிற்சியிலும் தொழிலுக்குரிய மனத்தை உருவாக்குவதிலும் பின்தங்கியவை என்றும் சொல்லிற்று. 2022இல் அந்நாட்டு வழக்கறிஞர் சங்கம், மாணவர் தம்மை ஒரு தொழிலராக உருவாக்கிக்கொள்ள வாய்ப்புத் தர வேண்டும் என்று சட்டப் பள்ளிகளுக்கான தன் விதிகளில் சேர்த்தது.

நீங்கள் முதலாண்டிலேயே படித்த டொனஹூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கை நினைவுபடுத்துகிறேன். 1928 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகர உணவகம் ஒன்றில் இஞ்சிப் பானப் புட்டியிலிருந்து நத்தை வந்த கதையையும், 1932இல் அன்றைய பிரிட்டனின் உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபை தந்த, நம் கவனக்குறைவால் பாதிக்கப்படக்கூடியவரிடம் கவனமாக இருப்பது நம் கடமை என்னும் ‘அண்டை அயலார்’ கோட்பாட்டையும் ஒப்பிக்காத சட்ட மாணவர் உலகில் இல்லை. கட்சிக்காரருக்காக அந்த வழக்கைத் தயாரித்து நடத்திய சொலிசிட்டரின் பெயரைக் கேட்டால் வகுப்பில் யாருக்கும் தெரிவதில்லை. வால்டர் லீச்மன் என்பவர் அவர். பானப் புட்டியில் எலி கிடந்ததாக வேறொரு நிறுவனத்தின்மேல் அவர் நடத்திய வழக்குகள் 1929 மார்ச்சில் ஸ்காட்லாந்து நீதிமன்றத்தில் தோற்றன. மூன்று வாரம் முழுதாக முடிவதற்குள், ஏப்ரலில், அதே சட்டக் கேள்வியை எழுப்பும் நத்தை வழக்கைப் பதிவு செய்தார். அவருடைய கட்சிக்காரர் கடைச் சிப்பந்தியான ஓர் ஏழைப் பெண். உடுத்திய துணியையும் இந்த வழக்கையும் விட்டால் தம்மிடம் 5 பவுன் பெறுமான சொத்துகூட இல்லை என்று உறுதிமொழி கொடுத்து, ஏழை வழக்காடியாகப் பிரபுக்கள் சபைக்குப் போனவர். தோற்ற வழக்கை மறுபடி எடுக்கும் துணிவு, கூலி கிடைக்காமற்போகலாம் என்று தெரிந்தும் காட்டிய உழைப்பு, கட்சிக்காரரின் ஏழ்மையை நீதிமன்றத்தின் முன் மறைக்காமல் வைத்த நேர்மை ஆகியவை எல்லாம் அந்த வழக்கில் இருக்கின்றன. தீர்ப்புத் தொகுப்பு அவற்றைப் பற்றி ஏறக்குறைய ஒன்றும் சொல்வதில்லை. கற்பிக்க விரும்பும் விரிவுரையாளருக்குப் புதிய பாடம் வேண்டியதில்லை. கையில் இருக்கும் நத்தையே போதும் என்பது என் கருத்து.

இனி வளர்ப்பா, பாடமா என்ற கேள்விக்கு வருகிறேன். பொய் சொல்லாதே, பிறர் காசைத் தொடாதே என்பதை வீடுதான் கற்றுத்தர முடியும். அதைக் கல்லூரியில் தொடங்குவது காலங்கடந்த வேலை. ஆனால் தொழில்நெறி என்பது நல்ல குணத்தோடு நின்றுவிடுவது அன்று. சொல்லப்போனால், நல்ல குணமுள்ளவர்களே வழுக்கி விழும் இடங்கள் இத்தொழிலில் உண்டு. நம் சமூகத்தையே பாருங்கள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு திருமண வரவேற்பில் உங்களுக்குப் பக்கத்து நாற்காலியில் அமரும் சித்தி, ‘நம்ம சரசு மகளோட டிவோர்ஸ் கேஸ் உன்கிட்டதானே இருக்கு, என்ன ஆச்சுப்பா?’ என்று கேட்பார். உண்மையான அக்கறையோடுதான் கேட்பார். ‘கவலைப்படாதீங்க சித்தி, முடியப்போகுது’ என்று நீங்கள் ஆறுதலுக்குச் சொல்லும் ஒரு வரியிலேயே இரகசியம் உடைந்துவிடும்; வழக்கு உங்களிடம் இருப்பதை ஒப்புக்கொள்வதே பல நேரங்களில் தவறு. அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து வந்து, ‘நமக்குள்ள என்ன சண்டை, ரெண்டு பேருக்கும் நீங்களே அக்ரிமெண்ட் எழுதிடுங்க, செலவு மிச்சம்’ என்பார்கள். உதவும் மனம் உடையவர் எழுதிக் கொடுத்துவிடுவார். மூன்று ஆண்டு கழித்து அவர்கள் பிரியும்போது, அவர் யாருக்காகவும் பேச முடியாதவராகி, இருவராலும் குற்றம் சாட்டப்படுவார். நல்லவராக இருந்ததால் வந்த வினை அது. நலன்கள் மோதும் இடத்தைத் தொலைவிலேயே கண்டுகொள்ளும் கண்ணை வளர்ப்பு தராது, பயிற்சிதான் தரும்.

கல்லூரி தன்னை அறியாமலே கற்பித்துவிடும் தீய பழக்கம் ஒன்றையும் சொல்ல வேண்டும். வகுப்புக்கு வராத நண்பனுக்காக வருகைத் தாளில் கையெழுத்துப் போடுவது. எல்லாக் கல்லூரியிலும் நடக்கிறது, விரிவுரையாளர்களும் கண்டுகொள்வதில்லை. நிலப் பெயர்மாற்றத்துக்கு நம் நாட்டில் பயன்படும் படிவம் 14ஏ-யின் அடிப்பகுதியில் ஒரு சான்றுரை இருக்கும்: இந்தக் கையெழுத்து என் முன்னிலையில் இடப்பட்டது, இது இன்னாரின் உண்மையான கையெழுத்து என்று வழக்கறிஞர் தம் பெயரிட்டு உறுதி கூறுவது. விற்பவர் ஜொகூரில் இருக்கிறார், வர முடியவில்லை, தாளை அனுப்பிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள், தெரிந்த ஏஜெண்டுதான் கொண்டுவந்திருக்கிறார், ஒரு கையெழுத்துத்தானே என்று சான்று போட்டவர்கள் இருக்கிறார்கள். பிறகு உண்மையான உரிமையாளர் கிராண்டைத் தேடிக்கொண்டு வருவார். வழக்கறிஞர்களுக்கான ஒழுங்கு நடவடிக்கை வாரியம் கண்டிக்கலாம், அபராதம் விதிக்கலாம், ஐந்து ஆண்டு வரை தொழிலிலிருந்து நிறுத்திவைக்கலாம், பெயரைப் பதிவேட்டிலிருந்தே நீக்கிவிடலாம். வருகைத் தாளுக்கும் படிவம் 14ஏ-க்கும் இடையே இருக்கும் தூரம் மாணவர்கள் நினைப்பதைவிடக் குறைவு. இரண்டிலும் கை செய்வது ஒரே வேலை.

‘ஏன் கற்பிப்பதில்லை’ என்ற கேள்விக்கு நம் நாட்டு ஏற்பாட்டையும் பார்க்க வேண்டும். மலாயாப் பல்கலைக்கழகத்தில் சட்டத்துறை 1972இல் பேராசிரியர் அகமட் இப்ராஹிமைத் தலைவராகக் கொண்டு தொடங்கியது. அதற்கு முன் இங்கே வழக்கறிஞராக விரும்பியவர்களில் மிகப் பலர் கப்பலேறி லண்டனுக்குப் போய், இன்ஸ் ஆஃப் கோர்ட் எனும் வழக்கறிஞர் சங்கங்களின் விருந்துகளில் உட்கார்ந்து, நீதிமன்றத்தில் வாதாடும் பாரிஸ்டராகித் திரும்பினார்கள். அந்த விருந்து ஏற்பாட்டை இன்று கேலி செய்கிறோம். ஆனால் மூத்தவரோடு ஒரே மேசையில் உண்டு, அவர் பேசுவதையும் பேசாமல் விடுவதையும் பார்த்துக் கற்பது என்ற எண்ணம் அதன் அடியில் இருந்தது. 1976ஆம் ஆண்டின் சட்டத்தொழில் சட்டம் யார் தகுதி பெற்றவர் என்பதை வரையறுத்தது. உள்நாட்டுப் பொதுப் பல்கலைக்கழகப் பட்டதாரிகளுக்கு ஒரு வழி, பாரிஸ்டர்களுக்கு ஒரு வழி. உங்களைப் போல் வெளிநாட்டுப் பட்டத்தை இங்கிருந்தே படிப்பவர்களுக்கு 1984இல் வந்த, சி.எல்.பி. எனப்படும் சட்டத்தொழில் சான்றிதழ்த் தேர்வு. பொதுப் பல்கலைக்கழக மாணவர்கள் நான்காண்டுப் படிப்பின் கடைசிப் பகுதியில் தொழில்நெறியைத் தொடுகிறார்கள். நீங்களோ பட்டத்தை முடித்த பிறகு, சி.எல்.பி.யின் ஐந்து தாள்களில் ஒன்றான தொழில்முறைப் பயிற்சித் தாளில், நிலப் பரிமாற்றம் முதலியவற்றோடு சேர்த்து அதைப் படிப்பீர்கள். தேறுவதே பெரும்பாடாக இருக்கும் தேர்வில் ஒழுக்க விதிகளும் மனப்பாடப் பகுதியாகிவிடுகின்றன. சி.எல்.பி.க்குப் பதிலாக வழக்கறிஞராகும் எல்லாருக்கும் பொதுவான பார் தேர்வு வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் பேசிக்கொண்டிருக்கிறோம், பேச்சு முடிந்தபாடில்லை.

ஆகவே உண்மையான கல்வி ஒன்பது மாத சேம்பரிங்கில்தான் தொடங்குகிறது. அதிலே வழக்கறிஞர் மன்றம் நடத்தும் தொழில்நெறி வகுப்பு கட்டாயம்; சட்ட உதவி மையத்தில் பணியும் உண்டு. வகுப்பைவிடச் சட்ட உதவிப் பணியை நான் உயர்வாக மதிக்கிறேன். லாக்கப்பில் இரவைக் கழித்த ஒருவர், தம் தாய்க்கு யாராவது போன் போட்டுச் சொன்னார்களா என்று கேட்கும்போதுதான் பல பிள்ளைகளுக்கு அலி கண்முன் வருகிறார்.

என் கதையையும் சொல்கிறேன். சேம்பரிங்கில் மூன்று மாதம் முடிந்து ஷார்ட் கால் எனும் இடைக்கால அனுமதி வாங்கியிருந்தேன். வழக்கை மென்ஷன் செய்து, அதாவது அதன் நிலையைச் சொல்லி, தேதி வாங்குவது போன்ற சிறு வேலைகளுக்கு நீதிமன்றத்தில் எழுந்து நிற்கலாம். ஒரு கடன் வழக்கில் மாஜிஸ்திரேட், ‘சம்மன் சேர்ப்பிக்கப்பட்டுவிட்டதா?’ என்று கேட்டார். கோப்பைப் புரட்டினேன், பதிவுத் தபால் அனுப்பிய ரசீது இருந்தது. ‘சேர்ப்பிக்கப்பட்டது’ என்றேன். பொய் சொல்கிறோம் என்ற நினைப்பே எனக்கு இல்லை. அலுவலகம் திரும்பி, கோப்பில் ஒட்டிக்கொண்டிருந்த கடைசித் தாளைப் பிரித்தபோது, ‘பெறுநர் கோரவில்லை’ என்ற முத்திரையோடு அந்த உறை அப்படியே திரும்பி வந்திருப்பதைக் கண்டேன். எனக்குப் பயிற்சி தந்த மூத்த வழக்கறிஞரான மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. தட்டச்சு செய்பவரை அழைத்து, நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் சொல்லி எழுதவைத்தார்: இன்று காலை எங்கள் அலுவலகத்தின் சார்பில் தரப்பட்ட தகவல் தவறானது, சம்மன் சேர்ப்பிக்கப்படவில்லை, வருந்துகிறோம். என் பெயர் கடிதத்தில் இல்லை. அவர் கையெழுத்து இருந்தது. அதை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள் என்று மட்டும் சொன்னார். லைட் சாலையில், உயர்நீதிமன்றத்துக்கு முன்னால் நிற்கும் ஜேம்ஸ் லோகன் நினைவுச்சின்னத்தைக் கடந்து அந்தக் கடிதத்தோடு நடந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பினாங்கில் ஆசிய மக்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் அவர். அந்தச் சின்னத்தின்மேல் நான்கு அறங்களின் உருவங்கள் இருக்கின்றன. அன்று எந்த உருவத்தையும் நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லை.

சேம்பரிங் பிள்ளைகளுக்கு இதை நான் சொல்வதற்குக் காரணம், மன்னிப்புக் கேட்ட பெருந்தன்மையைக் காட்டுவதற்கு அன்று. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லிவிடும் அந்த வேகம் எங்கிருந்து வந்தது என்பதை யோசித்துப் பார்க்கத்தான். கல்லூரியில் மாதிரி வழக்காடும் மூட் போட்டியிலிருந்து வந்தது. நீதிபதி கேட்டால் உடனே பதில் வர வேண்டும், தயங்கினால் மதிப்பெண் போகும் என்று இரண்டாண்டு பழகியிருந்தேன். ‘சற்று அவகாசம் தாருங்கள், கோப்பைப் பார்த்துச் சொல்கிறேன்’ என்று சொல்வது தோல்வி என்று என் நாக்கு கற்றிருந்தது. மூட் போட்டியை நான் எதிர்ப்பவன் அல்லன். மூன்று ஆண்டு அதற்கு நடுவராகவும் இருந்திருக்கிறேன். ஆனால் ‘எனக்குத் தெரியவில்லை’ என்று சரியான இடத்தில் சொன்ன மாணவருக்கு மதிப்பெண் தரும் பத்தியை எந்த மதிப்பீட்டுத் தாளிலும் நான் பார்த்ததில்லை. அதே பழக்கத்தின் இன்றைய வடிவம் சாட்ஜிபிடி. 2023இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்றில், அது கற்பனையாகத் தந்த வழக்குகளைச் சரிபார்க்காமல் மேற்கோள் காட்டிய வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. கருவியைப் பயன்படுத்தியதைவிட, கேட்டபோது உடனே ஒப்புக்கொள்ளாததுதான் நீதிபதியைக் கோபப்படுத்தியது.

பணத்தைப் பற்றி இன்னும் குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இளம் வழக்கறிஞர்கள் பலர் வாழ்வு அழிவது பேராசையால் அன்று, கணக்கறியாமையால். 1990ஆம் ஆண்டின் வழக்கறிஞர் கணக்கு விதிகளின்படி கட்சிக்காரர் பணம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். அலுவலகப் பணத்தோடு கலக்கக் கூடாது. ஆண்டுதோறும் தணிக்கையாளர் அறிக்கை இல்லாமல் தொழில் சான்றிதழைப் புதுப்பிக்க முடியாது. ஒரு சாதாரண வீட்டு விற்பனையை எடுத்துக்கொள்ளுங்கள். விலை 300,000 ரிங்கிட். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது 10 விழுக்காடு, அதாவது 30,000 ரிங்கிட், முன்பணமாகத் தரப்படும். அதிலிருந்து விலையின் 3 விழுக்காட்டை, 9,000 ரிங்கிட்டை, வாங்குபவரின் வழக்கறிஞர் சொத்து இலாப வரிக்காக ஒதுக்கி, 60 நாளுக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்திடம் சேர்க்க வேண்டும். அந்த இரண்டு மாதமும் அந்த 9,000 ரிங்கிட் கணக்கில் சும்மா கிடப்பதுபோல் தோன்றும். மாதக் கடைசியில் அலுவலகத்தில் சம்பளம் போட வேண்டியிருக்கிறது, வேறொரு கட்சிக்காரர் கட்டணம் அடுத்த வாரம் வருவது உறுதி, இதைப் பயன்படுத்திவிட்டு வைத்துவிடலாம் என்று ஒரு நல்ல மனிதர் நினைக்கிறார். பெரும்பாலும் வைத்தும் விடுகிறார். ஒரு மாதம் வைக்க முடியாமல் போகிறது. அவர் அன்றுதான் திருடரானார் என்று செய்தித்தாள் எழுதும். உண்மையில் முதல் தடவை திருப்பி வைத்த அன்றே ஆகிவிட்டார். இந்தக் கணக்கை இரண்டாம் ஆண்டு மாணவருக்கு ஒரு மணி நேரத்தில் விளக்கிவிடலாம்.

கட்சிக்காரரோடு பேசும் மொழியும் தொழில்நெறியில் சேர்ந்ததுதான். தோட்டத்தில் வேலை பார்த்து, சேமித்து, கிளாங் பக்கம் சிறு வீடு வாங்கிய கணவர் இறந்த பிறகு, ஓர் அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். மளிகைக் கடைப் பிளாஸ்டிக் பைக்குள் கிராண்ட், இறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் அடையாள அட்டை நகல்கள், ரப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தார். என்னிடம் சேம்பரிங் செய்துகொண்டிருந்த பெண் மிகக் கெட்டிக்காரர்; உயிலில்லாமல் இறந்தவரின் சொத்துப் பங்கீட்டு விதியைப் பிழையின்றிச் சொன்னார். அம்மா ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ‘சரிங்கம்மா’ என்றார். அவர் போன பிறகு நான் அந்தப் பெண்ணிடம், அவருக்கு என்ன புரிந்திருக்கும் என்று கேட்டேன். சற்று யோசித்து, ‘ஒன்றும் புரிந்திருக்காது’ என்றார். மறுநாள் அவரே அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, சட்டச் சொல் ஒன்றுகூட இல்லாமல் பேசினார்: வீடு இப்போதும் அப்பா பெயரில்தான் இருக்கிறது, உங்களுக்கு இவ்வளவு, பிள்ளைகளுக்கு இவ்வளவு, ஒரு பிள்ளை கையெழுத்துப் போடாவிட்டாலும் இப்படிச் செய்யலாம். பிறகு, அந்த அம்மா கேட்காமலே இன்னொன்றையும் அவரிடம் சொல்லச் சொன்னேன். இது சிறு சொத்து, 1955ஆம் ஆண்டுச் சட்டப்படி நில அலுவலகத்திலேயே நேராக விண்ணப்பிக்கலாம், அதற்கு வழக்கறிஞர் வேண்டியதில்லை என்று. அந்த அழைப்பால் எங்களுக்கு ஒரு வேலை போயிற்று. அந்த அம்மா பிறகு ஐந்தாறு பேரை அனுப்பிவைத்தார் என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

சட்டத்தொழில் சட்டத்தின் 42ஆவது பிரிவு, வழக்கறிஞர் மன்றத்தின் முதல் நோக்கமாக வைப்பது, தன் நலனையோ உறுப்பினர் நலனையோ பாராமல், அச்சத்துக்கும் தயவுக்கும் ஆட்படாமல் நீதியின் பக்கம் நிற்பதை. அம்பிகா சீனிவாசன் தலைவராக இருந்தபோது, 2007 செப்டம்பர் 26 அன்று நீதித்துறையின் மதிப்புக்காகப் புத்ராஜெயாவில் சுமார் 2,000 வழக்கறிஞர்கள் நடந்தது அந்தப் பிரிவு உயிரோடு இருந்த ஒரு நாள். உங்கள் ஆசிரியர்கள் அதைச் சொல்லியிருப்பார்கள். நான் சேர்க்க விரும்புவது இதுதான்: அன்று நடந்தவர்களுள் மறுநாள் காலை கட்சிக்காரரின் தொலைபேசிக்குப் பதில் தராதவர்களும் இருந்தார்கள். பெரிய அறம் சின்ன அறத்தைத் தானாகக் கொண்டுவந்துவிடுவதில்லை.

நீங்கள் இப்போதே செய்யக்கூடியவற்றைச் சொல்லி முடிக்கிறேன். விடுமுறையில் சில காலைகள் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகத்துக்குப் போய், கீழ் நீதிமன்றங்களில் பின்வரிசையில் அமருங்கள். திறந்த நீதிமன்றத்தில் யாரும் உட்காரலாம். வாதத்தைவிட, வழக்குகள் வரிசையாக மென்ஷன் ஆகும் அந்த முதல் ஒரு மணி நேரத்தைக் கவனியுங்கள். யார் கோப்பைப் படித்துவிட்டு வந்திருக்கிறார், யார் ‘இன்றுதான் கோப்பு கைக்கு வந்தது’ என்கிறார், எதிர்த்தரப்பு இளையவர் தடுமாறும்போது எந்த மூத்தவர் மெல்ல உதவுகிறார் என்று ஒரு சிறு நோட்டில் குறியுங்கள். 1978ஆம் ஆண்டின் தொழில் நடைமுறை, நன்னடத்தை விதிகளை சி.எல்.பி.க்காகக் காத்திராமல் இப்போதே ஒரு தடவை படித்துவிடுங்கள். நாவல் படிப்பதுபோல் வேகமாக, மனப்பாடம் செய்யாமல். ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் செய்த தவறு இருப்பது தெரியும். உங்கள் மலாய் எழுத்தைத் தீட்டிக்கொள்ளுங்கள். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். மலாய்மொழியில் போதிய தேர்ச்சி இல்லாதவருக்குத் தனித் தகுதித் தேர்வு உண்டு என்பது ஒரு புறம் இருக்க, நீதிமன்றத்தின் மொழி அது; அரைகுறை மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கட்சிக்காரரின் உண்மையும் அரைகுறையாகிவிடும். தமிழை மறக்காதீர்கள் என்று உங்களிடம் சொல்லத் தேவையில்லை. கேள்வியையே தமிழில்தான் கேட்டிருக்கிறீர்கள்.

சேம்பரிங்குக்கு இடம் தேடும்போது பெரிய நிறுவனமா, அலவன்ஸ் எவ்வளவு என்று மட்டும் விசாரிப்பது வழக்கம். பி.டி.பி.டி.என். எனும் உயர்கல்விக் கடன் கட்ட வேண்டிய பிள்ளைகளிடம் அலவன்ஸைப் பாராதே என்று நான் சொல்லமாட்டேன். அதோடு இன்னும் இரண்டைக் கேளுங்கள். மாஸ்டர் உங்கள் கடிதங்களைத் தாமே திருத்துவாரா, அல்லது வேறொரு இளையவரிடம் தள்ளிவிடுவாரா? கட்சிக்காரர் வரும்போது நீங்கள் அறையில் உட்காரலாமா? இப்போது அங்கே சேம்பரிங் செய்யும் மாணவர் ஒருவரைத் தேநீருக்கு அழைத்துக் கேட்டால் இரண்டுக்கும் நேரான பதில் கிடைத்துவிடும். மாஸ்டராக இருக்க ஏழு ஆண்டுத் தொழில் அனுபவம் சட்டப்படி வேண்டும். அவர் எந்த ஆண்டு பதிவானவர் என்பதை ஒப்புக்கொள்ளும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள், இல்லையேல் நீங்கள் உழைத்த மாதங்கள் கணக்கில் வராமற்போகலாம்.